ஒரே நஞ்சில் இரண்டு குழந்தைகள்: ஏற்காட்டு மலையிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கர்ப்பிணிக்கு வயது 24. இது இரண்டாவது கர்ப்பம். மூத்தது மூன்று வயதுக் குழந்தை, சுகப்பிரசவம். ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் காபி எஸ்டேட் ஒன்றின் லைன் வீட்டில் குடியிருப்பு. கணவர் அதே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறார். ரத்த வகை பி பாசிட்டிவ். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் மட்டும் 9.6, மலையில் கூலி வேலைக்குப் போகும் பெண்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் அளவுதான்.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் குறைத்து இதை எழுதுகிறேன். எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். இந்த இரண்டு குழந்தைகளும் பிழைத்ததற்குச் சென்னையில் செய்த லேசர் சிகிச்சை எவ்வளவு காரணமோ, 12-வது வார ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த "நஞ்சு ஒன்று" என்ற ஒரே ஒரு வரியும் அவ்வளவு காரணம். நஞ்சு என்பது கருப்பைக்குள் குழந்தைக்கு ஊட்டம் கொடுக்கும் நஞ்சுக்கொடி. சேலம் மாவட்டத்தில் என் கைக்கு வரும் இரட்டைக் கர்ப்ப ரிப்போர்ட்டுகள் பலவற்றில் அந்த வரியை இன்றும் தேட வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு ஸ்கேன்கள்

எட்டாவது வாரத்தில் வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேனில் "இரட்டைக் கரு, இரண்டுக்கும் இதயத் துடிப்பு உண்டு" என்று மட்டும் இருந்தது. குடும்பத்துக்கு அது சந்தோஷச் செய்தி. யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர்தான் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ரெட்டைன்னு போட்டிருக்கு, நஞ்சு ஒண்ணா ரெண்டான்னு போடலையே, பன்னிரண்டு வாரத்துல கீழ போய் ஒரு ஸ்கேன் எடுத்துருங்க" என்று அனுப்பிவைத்தார். இந்த நிகழ்வில் முதல் சரியான முடிவை எடுத்தவர் அவர்.

எங்களிடம் வந்தபோது 12 வாரம் 4 நாள். ஒரு குழந்தையின் நீளம் 61 மி.மீ., மற்றொன்று 57 மி.மீ. இரண்டு பனிக்குடங்களுக்கும் நடுவில் உள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நஞ்சு இரண்டாக இருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் நஞ்சின் சதை சவ்வுகளுக்கு இடையே முக்கோணமாக மேலேறி நிற்கும். நஞ்சு ஒன்றே என்றால் அந்த முக்கோணம் இருக்காது. நூல் போன்ற மெல்லிய சவ்வு நேராக வந்து, ஆங்கில டி எழுத்தைத் தலைகீழாக வைத்தது போல நஞ்சின் மேல் நிற்கும். இங்கே முக்கோணம் இல்லை. நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே அதை எழுதி, கீழே கோடும் போட்டோம்.

இந்த அடையாளத்தை நம்பிப் பார்க்கக்கூடிய காலம் 11 முதல் 14 வாரம் வரைதான். அப்புறம் முக்கோணம் மெலிந்துபோகும், சவ்வுகள் ஒட்டிப்போகும், 20 வாரத்தில் முதன்முறையாக வருபவருக்கு எவ்வளவு நல்ல மெஷினில் பார்த்தாலும் உறுதியாகச் சொல்வது கடினம். கருவின் பாலினத்தைச் சொல்வதைச் சட்டம் தடுக்கிறது, நஞ்சு எத்தனை என்பது சொல்லப்பட வேண்டிய தகவல். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "எதுக்கு வம்பு" என்று நஞ்சைப் பற்றியும் எழுதாமல் விடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வருத்தமான விஷயம்.

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து உருவாகும் இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஒரே நஞ்சைப் பகிர்கிறார்கள். கரு உருவாகி முதல் மூன்று நாளுக்குள் பிரிந்தால் தனித்தனி நஞ்சு. நான்கு முதல் எட்டு நாளுக்குள் பிரிந்தால் நஞ்சு ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றாகிவிடும். இது பரம்பரையாக வருவதில்லை. "எங்க வம்சத்துல ரெட்டையே கிடையாதுங்களே" என்று மாமியார் கேட்டார். இந்த வகை இரட்டைக்கு வம்சம் தேவையில்லை என்று சொன்னோம். குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கருவைக் கருப்பையில் வைத்தாலும் அது உள்ளே போய் இரண்டாகப் பிரியலாம்.

16 முதல் 20 வாரம் வரை

நஞ்சு வழியாக ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் பாயும் நோய் வரக்கூடும் என்பதால், ஒரே நஞ்சு என்று தெரிந்துவிட்டால் 16-வது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன். இதில் சலுகை இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பனிக்குடங்களிலும் நீரின் ஆழம், இரண்டு குழந்தைகளின் சிறுநீர்ப்பை, எடை, ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

16-வது வாரத்தில் நீரின் ஆழம் ஒரு பக்கம் 4.6 செ.மீ., மறுபக்கம் 3.1 செ.மீ. இரண்டு சிறுநீர்ப்பைகளும் நிறைந்து காலியாவதைப் பார்த்தோம். 18-வது வாரத்தில் 7.1, 2.4. நோய் என்று சொல்வதற்கான எல்லையை இது தொடவில்லை, ஆனால் போகும் திசை நன்றாக இல்லை. இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், ஒரே வாரத்தில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

அந்த வாரம் நல்ல மழை. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாகச் சுற்றி வரலாம், ஆனால் அந்த மழையில் ஒரு கர்ப்பிணியை வண்டியில் ஏற்ற வீட்டில் தயங்கினார்கள். அதற்குள் வயிறு கண்ணுக்குத் தெரிந்தே பெருத்துக்கொண்டு வந்தது. "ரெட்டைப் புள்ளைன்னா வயிறு பெருசாத்தான் இருக்கும், கண்ணு" என்று மாமியார் தேற்றியிருக்கிறார். அந்த அம்மாவின் அக்கறையில் குறையே இல்லை. சாதாரண இரட்டைக் கர்ப்பத்தில் அந்தப் பேச்சு சரியும்கூட. ஒரே நஞ்சு இரட்டையில், சில நாட்களில் வயிறு கல் போல இறுகினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

19 வாரம் 5 நாளில் வந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்காரவும் முடியவில்லை. முந்தைய ஸ்கேனிலிருந்து எடை நான்கு கிலோ கூடியிருந்தது. கருப்பையின் உயரம் 30 வாரக் கர்ப்பம் போல இருந்தது. வயிற்றுத் தோல் இழுபட்டுப் பளபளத்தது.

ஸ்கேனில் ஒரு குழந்தை 10.9 செ.மீ. ஆழ நீரில் சுழன்றுகொண்டிருந்தது. இன்னொரு குழந்தை கருப்பையின் வலது பக்கச் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. சுற்றிலும் நீர் 1.3 செ.மீ. தான். நடுச்சவ்வு தனியாகத் தெரியவில்லை; பாலித்தீன் உறை போல உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தாயை இடப்பக்கம், வலப்பக்கம் எனத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தோம். இரண்டு பக்கமும் அந்தக் குழந்தை இடம் மாறவில்லை. அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்தும் அதன் சிறுநீர்ப்பை நிறையவே இல்லை. தொப்புள்கொடித் தமனியில், இதயம் விரியும் நேரத்து ரத்த ஓட்டம் அறவே இல்லை. நீருக்குள் இருந்த குழந்தைக்குச் சிறுநீர்ப்பை பெருத்து, இதயத்தின் வலப்பக்க வால்வில் லேசான கசிவு தொடங்கியிருந்தது. எடை 318 கிராம், 252 கிராம். கருப்பை வாயின் நீளம் 27 மி.மீ. நஞ்சு பின்சுவரில். பின்னால் வந்த சிகிச்சையில் அது பெரிய உதவியாக இருந்தது.

நடந்தது என்ன

ஒரே நஞ்சு இரட்டையர் எல்லாருக்குமே நஞ்சின் மேற்பரப்பில் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். தமனியும் தமனியும் இணைந்தால் ரத்தம் இருபக்கமும் போய்வரும், சமன் ஆகும். ஒரு குழந்தையின் தமனி நஞ்சுக்குள் இறங்கி, மறு குழந்தையின் சிரையாக வெளியேறினால் அது ஒருவழிப் பாதை. மேட்டு வயலின் தண்ணீர் மடை வழியாகப் பள்ளத்து வயலுக்குப் போய்க்கொண்டே இருந்து, திரும்பி வர வாய்க்கால் இல்லாவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே ஆகிறது. கொடுக்கும் குழந்தைக்கு ரத்த அளவு குறைகிறது, சிறுநீரகம் சிறுநீர் உற்பத்தியை நிறுத்துகிறது, பனிக்குட நீர் வற்றுகிறது. வாங்கும் குழந்தையின் இதயம் மிகுந்த ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் களைக்கிறது, சிறுநீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறது, பனிக்குடம் ஊதுகிறது. நீர் வற்றிய குழந்தையைவிட, நீரில் மிதக்கும் குழந்தை நலமாக இருப்பதாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் இதயம் செயலிழந்து முதலில் போகக்கூடியது பல சமயம் அதுதான்.

இதை இரட்டையர் இடையே ரத்தம் பாயும் கோளாறு என்கிறோம். மருத்துவர்கள் பேச்சில் டி.டி.டி.எஸ். ஒரே நஞ்சு இரட்டைக் கர்ப்பங்களில் 100-க்கு 10 முதல் 15 வரை இது வருகிறது. தாய் செய்த வேலையோ சாப்பிட்ட பொருளோ இதற்குக் காரணமில்லை. பப்பாளி சாப்பிட்டதாலா, ஜீப்பில் போனதாலா என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். அந்தக் குற்ற உணர்வை இறக்கிவைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி.

நோயின் கட்டத்தை 1999-ல் குவின்டெரோ வகுத்த முறைப்படி குறிக்கிறோம். நீர் அளவு ஒரு பக்கம் 2 செ.மீ. அல்லது குறைவு, மறுபக்கம் 8 செ.மீ. அல்லது கூடுதல் என்றால் முதல் கட்டம். 20 வாரத்துக்குப் பிறகு மேல் எல்லையை 10 என்று கொள்ளும் மையங்களும் உண்டு. கொடுக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை தெரியாவிட்டால் இரண்டாவது கட்டம், டாப்ளர் மோசமானால் மூன்றாவது, உடலில் நீர் கோத்தால் நான்காவது, ஒரு குழந்தையோ இரண்டுமோ இறந்துவிட்டால் ஐந்தாவது. இது மூன்றாவது கட்டம். நோய் இப்படி வரிசையாகப் படியேறித்தான் போகும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் கட்டத்தில் இருந்தது ஒரே வாரத்தில் ஐந்தாவதுக்குத் தாவுவதும் உண்டு.

முடிவு எடுத்த அன்று

கணவர், மாமியார், பெண்ணின் அண்ணன் மூவரையும் உட்காரவைத்துப் பேசினோம். கணவர் கேட்ட முதல் கேள்வி: "ஒண்ணையாச்சும் காப்பாத்திக் குடுக்க முடியுங்களா, மேடம்?"

இருந்த வழிகளைச் சொன்னோம். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால், இந்த வாரத்தில் இவ்வளவு தீவிரமான நோயில் பத்தில் எட்டு ஒன்பது கர்ப்பங்களில் இரண்டு குழந்தைகளும் தங்குவதில்லை. கர்ப்பத்தைக் கலைப்பது சட்டம் அனுமதிக்கும் வாரத்துக்குள்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னோம், அவர்கள் அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

மிகுந்த நீரை ஊசி வழியாக எடுப்பது ஒரு வழி. சேலத்திலேயே செய்யலாம், தாய்க்கு உடனே மூச்சு எளிதாகும். ஆனால் குழாய் இணைப்புகள் அப்படியே இருப்பதால் நீர் மறுபடி சேரும். அந்த இணைப்புகளையே லேசரால் சுட்டு அடைப்பது இன்னொரு வழி. 2004-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 142 பெண்கள் சேர்ந்த நிலையில், லேசரின் பலன் தெளிவாகத் தெரிந்ததால் மேற்கொண்டு ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாள் பிழைத்திருந்தது லேசர் குழுவில் 76 சதவீதம், நீர் எடுத்த குழுவில் 56 சதவீதம். ஆறு மாத வயதில் மூளைப் பாதிப்பு இல்லாமல் இருந்த குழந்தைகளும் லேசர் குழுவில்தான் அதிகம். இன்று அனுபவமுள்ள மையங்களில் இரண்டு குழந்தைகளும் பிழைப்பது ஏறக்குறைய 100-க்கு 60 முதல் 70, ஒன்றாவது பிழைப்பது 85-க்கு மேல்.

ஒரு குழந்தையின் தொப்புள்கொடியை அடைத்து மற்றதைக் காப்பாற்றுவது கடைசி வழி. தனி நஞ்சு இரட்டையில் செய்வது போல மருந்தை ஊசியால் ஏற்றி ஒரு கருவின் இதயத்தை நிறுத்துவது இங்கே கூடவே கூடாது. ரத்தக்குழாய் பொது என்பதால் அது மற்ற குழந்தையையும் கொன்றுவிடும். நஞ்சு ஒன்றா இரண்டா என்று தெரியாமல் இந்த முடிவுக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

லேசர் என்று முடிவானது. ஒரு கேள்வி எங்களுக்குள் எழுந்தது. சென்னை சுமார் 340 கிலோமீட்டர். இந்த வயிற்றோடு அந்தப் பெண் எப்படிப் போவார், கிளம்பும் முன் இரண்டு லிட்டர் நீரை எடுத்துவிடலாமா? எடுக்கவில்லை. நீர் எடுக்கும்போது உள்ளே லேசாக ரத்தம் கசிந்தாலோ சவ்வு பிரிந்தாலோ, மறுநாள் கேமரா உள்ளே போகும்போது எல்லாம் கலங்கித் தெரியும், லேசரே செய்ய முடியாமல் போகலாம். கருப்பை இறுக்கத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஒரு செவிலியரோடு ஆம்புலன்ஸில் அன்றிரவே அனுப்பினோம். பணத்துக்கு நகையை அடகு வைத்தார்கள், எஸ்டேட்டிலும் முன்பணம் கொடுத்தார்கள். ஸ்கேன் படங்கள், 12-வது வார ரிப்போர்ட், கருப்பை வாயின் நீளம், ரத்த வகை எல்லாம் அவர்கள் சேரும் முன்பே அங்குள்ள கரு மருத்துவக் குழுவுக்குப் போய்விட்டன. 12-வது வார வரி கையில் இருந்ததால் "ஒரே நஞ்சுதானா" என்ற விவாதமே எழவில்லை. மறுநாள் காலை பரிசோதனை, மதியம் அறுவை.

லேசர்

கருப்பைக்குள் லேசர் செய்யும் முறையை அமெரிக்காவில் ஜூலியன் டி லியா 1990-ல் முதன்முதலாக வெளியிட்டார். அவர் வயிற்றைச் சிறிதாகக் கீறித் திறந்து செய்தார். இப்போது 3 மி.மீ. அளவுள்ள துளை போதும். இந்தப் பெண்ணுக்கு முதுகில் ஊசி போட்டு மரக்கச்செய்து, வாங்கும் குழந்தையின் பனிக்குடத்துக்குள் கேமரா குழாயைச் செலுத்தினார்கள். நஞ்சு முன்சுவரில் இருந்திருந்தால் கோணம் கிடைப்பது சிரமம். இங்கே பின்சுவர் என்பதால் நஞ்சு நேர் எதிரே விரிந்து கிடந்தது.

அறுவையின் வீடியோவை எங்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். நஞ்சின் மேற்பரப்பில் தமனி எப்போதும் சிரைக்கு மேலே குறுக்கிட்டு ஓடும். வெளியில் நாம் பழகியதற்கு மாறாக, தமனி கறுத்த சிவப்பு, சிரை பளிச்சென்ற சிவப்பு. ஏனென்றால் குழந்தையிடமிருந்து நஞ்சுக்கு வரும் ரத்தத்தில்தான் ஆக்சிஜன் குறைவு. கறுத்த குழாய் ஒன்று கொடுக்கும் குழந்தையின் பக்கமிருந்து வந்து ஓரிடத்தில் நஞ்சுக்குள் மூழ்குகிறது. அதே இடத்திலிருந்து பளிச்சென்ற குழாய் கிளம்பி எதிர்ப்பக்கம் போகிறது. அந்தப் புள்ளிதான் இலக்கு. லேசர் படும்போது குழாய் வெளுத்துச் சுருங்கி ரத்த ஓட்டம் நிற்பது கண்ணுக்கே தெரிகிறது. மொத்தம் ஒன்பது இணைப்புகள். அவற்றில் ஏழு கொடுக்கும் குழந்தையிடமிருந்து வாங்கும் குழந்தைக்குப் போகிறவை, ஒன்று எதிர்த்திசை, ஒன்று தமனிக்கும் தமனிக்கும் இடையே.

ஒன்பதையும் அடைத்ததோடு நிறுத்தவில்லை. அந்தப் புள்ளிகளை இணைத்து, நஞ்சின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரே கோடாக லேசரால் சுட்டார்கள். சாலமன் முறை என்று பெயர். கேமராவில் தெரியாத நூலிழைக் குழாய்கள் மிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக. 2014-ல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குப் பின் வரும் ரத்தசோகைச் சிக்கல் பழைய முறையில் 16 சதவீதமாக இருந்தது இந்த முறையில் 3 சதவீதமாகவும், நோய் திரும்புவது 7-லிருந்து 1 சதவீதமாகவும் குறைந்தது. கடைசியில் அதே துளை வழியாக 2.2 லிட்டர் நீரை வெளியேற்றினார்கள். "மூச்சு வருதுங்க" என்றாராம் அந்தப் பெண், மேஜையில் படுத்திருந்தபடியே.

மறுநாள் காலை இரண்டு இதயமும் துடித்தன. மூன்றாம் நாள், ஒட்டிக்கிடந்த குழந்தைக்குள் ஒரு சிறிய கறுப்பு வட்டம் தெரிந்தது. சிறுநீர்ப்பை நிறையத் தொடங்கியிருந்தது.

சேலத்தில் மீண்டும்

மலைக்குத் திரும்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்குவது மட்டுமல்ல காரணம். நள்ளிரவில் பனிக்குடம் உடைந்தால் மேலிருந்து கீழே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அஸ்தம்பட்டி பக்கம் உறவினர் வீட்டில் தங்கினார். மூத்த குழந்தையை மாமியார் மலையிலேயே பார்த்துக்கொண்டார். ஞாயிறுதோறும் கூட்டிவந்து காட்டினார்.

லேசர் முடிந்தால் கதை முடிந்தது என்று யாரும் நினைக்கக் கூடாது. வாராவாரம் ஸ்கேன் எடுத்தோம். நீர் அளவும் சிறுநீர்ப்பையும் பார்ப்பது மறுபடி நோய் திரும்புகிறதா என்று தெரிந்துகொள்ள. மூளையின் நடுத் தமனியில் ரத்தத்தின் வேகத்தை அளப்பது இன்னொன்றுக்காக: மிஞ்சிய மெல்லிய குழாய்கள் வழியாக ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போய், நீர் அளவு மாறாமலே ஒரு குழந்தை வெளிறி, மற்றதன் ரத்தம் கெட்டியாகும் நிலை உண்டு. ரத்தசோகைக் குழந்தைக்கு அந்த வேகம் வழக்கமான நடு அளவைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், மற்றதற்கு நடு அளவுக்கும் கீழே இறங்கும். நீரை மட்டும் அளந்துவிட்டு "எல்லாம் நார்மல்" என்று எழுதினால் இதைப் பிடிக்கவே முடியாது. இந்தக் கர்ப்பத்தில் இரண்டு அளவுகளும் கடைசிவரை அருகருகே இருந்தன.

நான் அதிகம் பயந்தது ஒரு குழந்தை இறந்துபோவதைப் பற்றி. இணைப்புகள் திறந்திருக்கும் நஞ்சில் ஒன்று இறந்தால், உயிரோடிருக்கும் குழந்தையின் ரத்தம் நொடிகளில் இறந்த குழந்தையின் தளர்ந்த குழாய்களுக்குள் பாய்ந்துவிடும். அப்படி நடந்தால் ஏறக்குறைய 15 சதவீதத்தில் மற்றதும் இறக்கிறது, பிழைப்பதில் கால்வாசிக்கு மூளையில் பாதிப்பு. ஒன்று இறந்தது தெரிந்தவுடன் அவசரமாக சிசேரியன் செய்து மற்றதை எடுத்துவிடலாம் என்று சிலர் ஓடுவார்கள். பாதிப்பு அதற்குள் நடந்து முடிந்திருக்கும். குறைமாதப் பிரசவம் அதோடு இன்னொரு கேடாகச் சேரும். காத்திருந்து, ரத்தசோகை இருக்கிறதா என்று டாப்ளரில் பார்த்து, சில வாரம் கழித்து மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதுதான் முறை. லேசரின் இன்னொரு பெரிய பயன் இதுதான். நஞ்சை இரண்டாகப் பிரித்துவிடுவதால், ஒன்றுக்கு ஏதாவது நேர்ந்தாலும் மற்றதற்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. கணவரின் "ஒண்ணையாச்சும்" என்ற கேள்விக்கு உண்மையான பதிலும் அதில்தான் இருந்தது.

22-வது வாரத்தில் தொப்புள்கொடித் தமனியில் ஓட்டம் திரும்பியது. 24-வது வாரத்தில் வாங்கிய குழந்தையின் வால்வுக் கசிவு மறைந்தது. கொடுத்த குழந்தை எடையில் பின்தங்கியே இருந்தது. நஞ்சில் அதன் பங்கு சிறியது. அதை லேசரால் மாற்ற முடியாது. இரும்புச்சத்து ஊசியால் தாயின் ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டது.

பிரசவம்

சிக்கலில்லாத ஒரே நஞ்சு இரட்டையில் 36-வது வாரம் வரை போகலாம். லேசர் செய்த கர்ப்பங்கள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதில்லை. சவ்வில் போட்ட துளை ஆறுவதில்லை என்பதால் பனிக்குடம் முன்பே உடைவது இந்தச் சிகிச்சையின் பெரிய பலவீனம். இங்கே 31 வாரம் 4 நாளில் உடைந்தது. அரைமணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்துவிட்டார். மலையில் இருந்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது.

நுரையீரல் முதிர்ச்சிக்கு டெக்சாமெத்தசோன் 6 மி.கி. வீதம் 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசி, தொற்று வராமல் எரித்ரோமைசின். இரண்டு நாளில் வலி தொடங்கியது. 32 வாரம் முடியாததால் குழந்தைகளின் மூளைப் பாதுகாப்புக்கு மெக்னீசியம் சல்பேட் ஏற்றினோம். முதல் குழந்தை இடுப்பு கீழாக இருந்ததால் சிசேரியன். வாங்கிய குழந்தை 1,540 கிராம், கொடுத்த குழந்தை 1,310 கிராம். இரண்டும் ஆண். இரண்டும் அழுதன. சிறியதற்கு மட்டும் நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்ட் மருந்து தேவைப்பட்டது.

குழந்தைகளின் ஹீமோகுளோபின் 16.8, 15.9. இடைவெளி 8-க்கு மேல் இருந்தால்தான் கவலை.

நஞ்சைத் தூக்கிப் போடவில்லை. கழுவி, ஒரு தொப்புள்கொடியின் குழாய்களில் நீலச் சாயமும் மற்றதில் மஞ்சள் சாயமும் ஏற்றிப் பார்த்தோம். நீலம் கிளை கிளையாக விரிந்து ஒரு கோட்டில் வந்து நின்றது. மறுபுறமிருந்து வந்த மஞ்சளும் அதே கோட்டில் நின்றது. 12 வாரத்துக்கு முன் சுட்ட கோடு அது. ஒரு இடத்திலும் நிறம் கலக்கவில்லை. நீலத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. சிறிய குழந்தையின் எடைக்கு விளக்கம் அங்கேயே கிடைத்தது. பயிற்சி மருத்துவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே நஞ்சு இரட்டைப் பிரசவம் நடக்கும் எந்த இடத்திலும் இதைச் செய்யலாம், செலவு மிகக் குறைவு.

குழந்தைகள்

பெரியது மூன்று வாரத்திலும் சிறியது ஐந்து வாரத்திலும் வீடு போயின. கங்காரு முறையில் அம்மா ஒருவரையும் அப்பா ஒருவரையும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு (என்.ஐ.சி.யூ.) வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சட்டைப் பித்தான்களைத் திறந்துபோட்டு உட்காரக் கூச்சப்பட்டது முதல் இரண்டு நாள்தான். தாய்ப்பால் பீய்ச்சி, முதலில் குழாய் வழியாக, அப்புறம் பாலாடையில். மூளை ஸ்கேன் இரண்டு பேருக்கும் சரியாக இருந்தது. 30 நாளுக்குள் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனையில் சிறியவனுக்கு லேசான மாற்றம் தெரிந்து, சிகிச்சை இல்லாமலே சரியானது.

லேசர் செய்து பிழைத்த குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பின்னாளில் நரம்பு வளர்ச்சிச் சிக்கல் தெரியவருகிறது. இதைக் குடும்பத்திடம் முதல் நாளே சொல்லியிருந்தோம். திருத்திய வயது ஒன்றில், அதாவது பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டு, பெரியவன் பிடிக்காமல் நடந்தான். சிறியவன் சுவரைப் பிடித்து நடக்கிறான், இரண்டு கையாலும் பொருளை எடுக்கிறான், கூப்பிட்டால் திரும்புகிறான். கால்களில் இறுக்கம் இல்லை. காது கேட்கும் பரிசோதனை இருவருக்கும் சரி.

பெரியவனின் இதயத்தில், நுரையீரலுக்குப் போகும் வால்வு கொஞ்சம் தடித்திருக்கிறது. வாங்கும் குழந்தைகளிடம் பின்னாளில் இந்த வால்வு குறுகுவது அறிந்த விஷயம் என்பதால் எக்கோ எனும் இதய ஸ்கேனைத் தொடர்கிறோம். இப்போதைக்கு மருந்து எதுவும் தேவையில்லை. இரண்டு வயதில் இருவருக்கும் பேச்சு, அறிவு வளர்ச்சி மதிப்பீடு இருக்கிறது. அதற்கான தேதியை எழுதி, மலையில் இருக்கும் அந்தச் செவிலியரிடமும் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம்.